கதையில் வந்த கருவிகளும் கைக்கு வந்த கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்களுக்கும் இயற்பியல் பேசுகிறேன். தலைப்பு எதுவாக இருந்தாலும், கேள்வி நேரம் வந்தால் பேச்சு லேசர் துப்பாக்கியில்தான் போய் நிற்கும். ஒரே சந்தேகம் ஐந்தாறு முறை வந்த பிறகு, கேட்டவர் கேட்ட மாதிரியே எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் இது.

கதையில வந்ததெல்லாம் ஒருநாள் நிஜமாயிடும்னு சொல்றாங்களே, உண்மையா சார்?

இல்லை. கிளி ஜோசியம் மாதிரி, பலித்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். ஜூல்ஸ் வெர்ன் 1865-ல் நிலவுப் பயணக் கதை எழுதினார். மூன்று பேர் போகிறார்கள், புறப்படும் இடம் ஃபுளோரிடா. 1969-ல் அப்பல்லோ 11 மூன்று பேரோடு ஃபுளோரிடாவிலிருந்துதான் கிளம்பியது. இதை எல்லோரும் வியந்து சொல்வார்கள். ஆனால் வெர்ன் அவர்களை ராக்கெட்டில் அனுப்பவில்லை. 900 அடி நீளப் பீரங்கிக்குள் குண்டோடு குண்டாகப் போட்டுச் சுட்டார். அந்த நீளத்துக்குள் வினாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டுமானால், உள்ளே இருப்பவரை அவர் எடையைப் போல் இருபதாயிரம் மடங்கு அழுத்தும். மூன்று பேரும் அடித்தட்டில் சட்னி.

கதை பெரும்பாலும் ஆசையைச் சரியாகச் சொல்கிறது, வழியைத் தப்பாகச் சொல்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதையே சுற்றி வரும்.

செல்போனை ஸ்டார் டிரெக் பார்த்துத்தான் செஞ்சாங்களாமே?

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் கையடக்கக் கருவியில் பேசுவார்களே, அதைப் பார்த்துச் செய்தார்கள் என்பது ரொம்பப் பரவிய கதை. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் காதில் வைத்துப் பேசினார். யாரிடம்? போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தில் இதே வேலையில் இருந்த ஜோயல் எங்கலிடம். "நடமாடும் போனில் இருந்து பேசுகிறேன்" என்று சொல்வதில் என்ன சுகம் இருந்திருக்கும்! கூப்பர் பிற்பாடு, தன் மனதில் இருந்தது டிக் டிரேசி படக்கதையில் வரும் கைக்கடிகார வானொலிதான் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு கதைகளிலும் இல்லாத ஒன்று, டவர். ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஆள் நகர நகர அழைப்பை ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும் யோசனை பெல் ஆய்வகத்தில் 1947-லேயே எழுதி வைக்கப்பட்டது. "செல்" என்ற பெயரே அந்தக் கட்டத்துக்குத்தான். மடக்கும் போனின் தோற்றத்தில் வேண்டுமானால் ஸ்டார் டிரெக்கின் சாயல் உண்டு.

நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிச்சது ஜூல்ஸ் வெர்ன்தானே?

கிடையாது. வெர்னின் கடலடிக் கதை புத்தகமாக வந்தது 1870-ல். அதற்கு 70 வருஷம் முன்பே ராபர்ட் ஃபுல்டன் பிரான்ஸில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியைக் கட்டி ஓட்டிவிட்டார். வெர்னின் கப்பலுக்கும் அதே பெயர். 1864-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹன்லி என்ற நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதை உள்ளே உட்கார்ந்தவர்கள் கையால் சுற்றித்தான் ஓட்டினார்கள்.

வெர்ன் செய்தது வேறு வேலை. அந்த இரும்புப் பொட்டிக்குள் நூலகம், சாப்பாட்டு அறை, மின்விளக்கு எல்லாம் வைத்து, அதில் வாழ்ந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்ற வைத்தார். அதைச் சிறு வயதில் படித்து மயங்கிய சைமன் லேக், பின்னாளில் அமெரிக்காவின் முக்கியமான நீர்மூழ்கி வடிவமைப்பாளர்களில் ஒருவரானார். 1898-ல் அவருடைய ஆர்கோநாட் கடலில் வெற்றிகரமாக ஓடியபோது வெர்னிடமிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது.

அப்போ கதையைப் படிச்சிட்டு நேரா கருவி செஞ்சவங்க யாருமே இல்லையா?

உண்டு. போலீஸ் கையில் இருக்கும் டேசரின் பெயரே ஒரு சிறுவர் நாவலின் தலைப்பிலிருந்து எடுத்ததுதான். 1911-ல் வந்த அந்த நாவலில் டாம் ஸ்விஃப்ட் என்ற பையன் மின்சாரத் துப்பாக்கி செய்துகொண்டு ஆப்பிரிக்காவுக்கு யானை வேட்டைக்குப் போகிறான். ஜாக் கவர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1970-களில் தன் கருவிக்கு "தாமஸ் ஏ. ஸ்விஃப்ட்ஸ் எலெக்ட்ரிக் ரைஃபிள்" என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார். நாவலில் அந்த "ஏ" இல்லை. உச்சரிக்க வசதியாக இவர் சேர்த்துக்கொண்டது.

ஆனால் பெயரைத் தாண்டினால் ஒற்றுமை குறைவு. கதைத் துப்பாக்கி கம்பியே இல்லாமல் மின்சாரத்தைச் சுட்டுக் கொல்லும். நிஜக் கருவி இரண்டு ஊசிகளை மெல்லிய கம்பியோடு எறிந்து, தசைகளை இழுத்துப் பிடிக்க வைத்து, ஆளை விழச் செய்யும். காற்று வழியாக மின்சாரத்தைக் குறிபார்த்து அனுப்ப வழியில்லாததால்தான் அந்தக் கம்பி.

அணுகுண்டைப் பத்தி முதல்ல எழுதினது ஒரு கதாசிரியராமே?

அந்தப் பெயரோடு எழுதியவர் எச்.ஜி. வெல்ஸ். 1914-ல் வந்த ஒரு நாவலில் விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடும் "அணுகுண்டு" வருகிறது. ஒரே நொடியில் வெடித்து முடியாது. வாரக்கணக்கில் எரிமலை மாதிரி வெடித்துக்கொண்டே இருக்கும். ஆசை சரி, வழி தப்பு என்று மேலே சொன்னதற்கு இது ஒரு உதாரணம். வெல்ஸும் ஒன்றுமில்லாததிலிருந்து கற்பனை செய்யவில்லை. வேதியியலாளர் ஃபிரெடரிக் சாடி ரேடியம் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதினார்.

1932-ல் அந்த நாவலை லியோ சிலார்ட் என்ற ஹங்கேரி இயற்பியலாளர் படித்தார். அடுத்த வருஷம் செப்டம்பரில் லண்டனில் இருந்தபோது, அணுவிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்பதெல்லாம் வெறும் பிதற்றல் என்று அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு பேசியதைப் பத்திரிகையில் பார்த்தார். எரிச்சலோடு நடக்கப் போனவர், சவுத்ஹாம்ப்டன் ரோ என்ற தெருவில் சிக்னல் விழுவதற்காக நின்றார். பச்சை விழுந்து தெருவைக் கடக்கும்போது தொடர்வினை யோசனை வந்தது: ஒரு நியூட்ரான் போய் இரண்டு நியூட்ரான் வந்தால்? 1934-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கதை எங்கே போய் முடியும் என்பதும் வெல்ஸ் தயவால் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் காப்புரிமையை ரகசியமாக வைக்கச் சொல்லி 1936-ல் பிரிட்டிஷ் கடற்படைத் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1944 மார்ச்சில் ஒரு அமெரிக்கக் கதை இதழில், யுரேனியம் 235-ஐ வைத்துச் செய்த குண்டைப் பற்றி கிளீவ் கார்ட்மில் ஒரு சுமாரான சிறுகதை எழுதினார். மன்ஹாட்டன் திட்டம் என்ற அமெரிக்க அணுகுண்டுத் திட்டம் உச்சக்கட்ட ரகசியத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரம். ரகசியம் கசிந்துவிட்டதென்று உளவுத்துறை ஆட்கள் இதழாசிரியர் அலுவலகத்தில் வந்து நின்றார்கள். கடைசியில் பார்த்தால், கதையில் இருந்ததெல்லாம் போருக்கு முன் பொது அறிவியல் இதழ்களில் வந்த சமாசாரம்தான்.

பழைய கதைல எல்லாம் "மரணக் கதிர்"னு வருமே, அதை யாராவது முயற்சி பண்ணினாங்களா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. வெல்ஸ் 1898-ல் செவ்வாய்க்காரர்கள் கையில் வெப்பக் கதிரைக் கொடுத்தார். அதன் பிறகு 30 வருஷத்துக்கு, நான் மரணக் கதிர் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊருக்கு ஒருவர் கிளம்பினார்கள். தொல்லை தாங்காமல் பிரிட்டிஷ் விமானத்துறை ஒரு பந்தயம் வைத்தது: 100 கஜம் தள்ளி நிற்கும் ஆட்டைக் கதிரால் கொன்று காட்டுகிறவருக்கு ஆயிரம் பவுண்டு. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1935 தொடக்கத்தில் இது சாத்தியமா என்று வானொலி நிபுணர் ராபர்ட் வாட்சன்-வாட்டிடம் கேட்டார்கள். அவர் தன் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் கணக்கை வேறு உருவத்தில் கொடுத்தார்: 5 கிலோமீட்டர் தொலைவில், 1 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் 8 பைன்ட் தண்ணீரை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105-க்குச் சூடேற்ற எவ்வளவு வானொலி ஆற்றல் வேண்டும்? உடம்பு வெப்பநிலையில் இருக்கும் நாலரை லிட்டர் தண்ணீர் எது என்று வில்கின்ஸுக்கு உடனே புரிந்துவிட்டது, ஒரு விமானியின் ரத்தம். நானும் போட்டுப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டு கெட்டிலில் இருந்தால் ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. ஆனால் 5 கிலோமீட்டர் போவதற்குள் அலை விரிந்து பரவிவிடும். விமானி மேல் படுவது துளிதான். நடக்காது என்று எழுதிக் கொடுத்தார்.

கூடவே ஒன்று சொன்னார்: விமானத்தைச் சுட முடியாது, ஆனால் அதன் மேல் பட்டுத் திரும்பும் அலையைக் கேட்க முடியும். 1935 பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரியில் இருந்த பிபிசி சிற்றலை நிலையத்தின் அலையில் ஒரு குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டு, வயலில் நிறுத்திய வேனுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். 13 கிலோமீட்டர் வரை தெரிந்தது. பிரிட்டனைக் காத்த ரேடார் இப்படிப் பிறந்தது.

இப்பதான் லேசர் ஆயுதம் வந்துடுச்சே, அது மரணக் கதிர் இல்லாம வேற என்ன?

உறவுமுறை உண்டு. மேலே சொன்ன கணக்கில் உதைத்தது அலை விரிவதுதானே? லேசர் மிகக் குறைவாகவே விரியும். தியோடர் மெய்மன் 1960 மே மாதம் முதல் லேசரை எரிய வைத்தார். ஆனால் கப்பலில் ஏறிய ஆயுதமாக அமெரிக்கக் கடற்படை பாரசீக வளைகுடாவில் 30 கிலோவாட் லேசரை நிறுத்தியது 2014-ல். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் போயிருக்கிறது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2025 ஏப்ரலில் கர்னூலில் இதே 30 கிலோவாட் ரகத்தில் ஒன்றைச் சோதித்து ட்ரோனை வீழ்த்தியது.

தொட்டதும் ஆள் ஆவியாவதெல்லாம் கிடையாது. ட்ரோனின் இறக்கையிலோ கேமராவிலோ ஒரே புள்ளியில் சில வினாடி பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் உருகி விழும். குறியைப் பிடித்து வைத்திருப்பதுதான் கஷ்டமான பகுதி. பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பவுண்டு நாணயத்தில் படுமளவு துல்லியம் என்கிறார்கள். ஒரு சுடலுக்கான செலவு 10 பவுண்டுக்கும் கீழாம். மலிவு ட்ரோனுக்கு விலையுயர்ந்த ஏவுகணையை வீணாக்க வேண்டாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. மூடுபனி, மழை, தூசி வந்தால் தடுமாறும்.

படத்துல மாதிரி பச்சைக் கோடு, "ப்யூ ப்யூ" சத்தம் எல்லாம் இருக்குமா?

இருக்காது. இந்த ஆயுதங்களின் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. சத்தம் போடுவது குளிரூட்டும் விசிறிதான். படத்துக்கு இது போதாது, தெரியும்.

லைட்சேபர் மட்டும் ஏன் யாராலும் செய்ய முடியல?

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளைத்தான் கேட்கிறார்கள். இன்று இரவு கரன்ட் போனால் இரண்டு டார்ச் எடுத்து ஒளியைக் குறுக்கே விட்டுப் பாருங்கள். ஒன்றையொன்று தட்டாமல் ஊடுருவிப் போய்விடும். மூன்றடி போனதும் நில் என்றாலும் ஒளி கேட்காது. யூடியூபில் பார்ப்பவை எரிவாயுச் சுடர்கள். நீளமான வெல்டிங் டார்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறைஞ்சு போற போர்வை கண்டுபிடிச்சாச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?

2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள், நிஜம்தான். ஆனால் அது மறைத்தது ஒரு சின்னத் தாமிர உருளையை. அதுவும் மைக்ரோ அலையின் "கண்ணுக்கு" மட்டும். அலையை உருளையைச் சுற்றி வளைத்துவிடும் வளையங்களில் செதுக்கும் நுணுக்கம் அலைநீளத்தை விடச் சிறிதாக இருக்க வேண்டும். மைக்ரோ அலைக்கு அது சில மில்லிமீட்டர். நாம் பார்க்கும் ஒளிக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, அதுவும் எல்லா நிறத்துக்கும் ஒரே நேரத்தில். போர்வை தைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

சீனாவுல டெலிபோர்ட் பண்ணிட்டாங்களாமே?

2017-ல் திபெத்திலிருந்து மிசியஸ் செயற்கைக்கோளுக்கு, 1,400 கிலோமீட்டர் வரை, ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், நிலையைக் குவான்டம் முறையில் அனுப்பினார்கள். கதையில் வருவது போல ஆளோ பொருளோ இங்கே மறைந்து அங்கே தோன்றவில்லை. ஒரு துகளின் "நிலை" இங்கே அழிந்து அங்கே இருக்கும் இன்னொரு துகளில் ஏறுகிறது. அதை முடிக்கச் சாதாரணச் செய்தி ஒன்றையும் சாதாரண வேகத்தில் அனுப்பியாக வேண்டும். ஆகவே ஒளியை முந்தவும் முடியாது. கதைச் சொல்லை விஞ்ஞானிகள் கடன் வாங்கியதால் வந்த வினை இது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை.

ஆர்தர் கிளார்க் இலங்கையில இருந்துகிட்டேதான் சாட்டிலைட்டைக் கண்டுபிடிச்சாரா?

பிரிட்டிஷ் அறிவியல் கதாசிரியரான அவர் இலங்கைக்குக் குடிவந்தது 1956-ல். பூமியோடு சேர்ந்து சுழலும் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில், மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று அவர் எழுதியது 1945 அக்டோபரில், பிரிட்டனில். அதுவும் கதையாக இல்லை. ஒரு வானொலிப் பொறியியல் இதழில் வந்த கட்டுரை. டிரான்சிஸ்டர் அப்போது வராததால், அந்த நிலையங்களில் பழுதான வால்வுகளை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களை) மாற்ற ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்று எண்ணினார். 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அந்த இடத்தில் போய் நின்றபோது உள்ளே ஆள் இல்லை. 1975-ல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய சோதனையின்போது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு பெரிய ஆன்டெனாவை மாட்டிக் கொடுத்தார்கள்.

இலங்கைக்கு நிஜமாகக் கடன்பட்டது அவருடைய விண்வெளி மின்தூக்கிக் கதை, 1979. சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்த ஒரு மலையுச்சியிலிருந்து விண்ணுக்குக் கயிறு ஏறும். கணக்குப்படி அது நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதால் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். அந்தக் கயிறுக்கு வேண்டிய வலுவான பொருளை யாரும் வேண்டிய நீளத்தில் செய்யவில்லை.

புஷ்பக விமானம், பிரம்மாஸ்திரம்னு நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்களே?

ஆசையைச் சொன்னார்கள், அழகாகவே சொன்னார்கள். சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். கர்ப்பிணியான விசயை அதில் தப்பிக்கிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் போய் இறங்குகிறது. ஓட்டுபவர் மயங்கினால் வண்டி என்ன ஆகும் என்று யோசித்த புலவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தப் பாட்டை வைத்து மயில் செய்ய முடியாது.

விமான சாஸ்திரம் என்று ஒரு நூலைக் காட்டுவார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விமானவியல் ஆய்வாளர்கள் 1974-ல் அதை வரிவரியாகப் பார்த்து, 20-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் உள்ள எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள்.

சுஜாதாவோட ஜீனோ மாதிரி நாய் எப்ப வரும்?

பாதி பாதியாக வந்துவிட்டது. ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய் வரும், எழுத்தாளர் சுஜாதா எண்பதுகளில் எழுதிய அந்தத் தொடர்கதை 2020-களின் தொடக்கத்தில் நடக்கிறது, அதாவது நேற்று. நாலு காலில் படியேறும் இயந்திர நாய் இன்று விற்பனைக்கு இருக்கிறது. புத்தகம் படித்து எதிர்க்கேள்வி கேட்கும் மென்பொருள் உங்கள் போனிலேயே இருக்கிறது. கதையில் இரண்டும் ஒரே குட்டி உடம்பில், சார்ஜ் பற்றிய கவலை பெரிதாக இல்லாமல். நிஜத்தில் பேட்டரிதான் வில்லன். சுஜாதா பகலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவர் பங்கும் உண்டு. அதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

ராணுவமே கதாசிரியர்களைக் கூப்பிட்டு யோசனை கேக்குதாமே?

பிரான்ஸ் ராணுவ அமைச்சகம் 2019-ல் இதற்கென்றே ஒரு கதாசிரியர் குழு அமைப்பதாக அறிவித்தது. எனக்குச் சுவையாகப் படுவது வேறு. 1983 ஜூனில் அதிபர் ரீகன், ஒரு பையன் வீட்டுக் கணினியிலிருந்து ஏவுகணைக் கணினிக்குள் புகுந்துவிடும் வார்கேம்ஸ் படத்தைப் பார்த்தார். சில நாளில் தன் தளபதிகளிடம், இப்படி நடக்குமா என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து, நீங்கள் நினைப்பதை விட மோசம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் அரசுக் கணினிகளின் பாதுகாப்புக்கு முதல் பெரிய ஆணை கையெழுத்தானது.

கதையில ஏற்கெனவே வந்த பொருளுக்கு நான் பேட்டன்ட் வாங்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முன்பே வெளியானது என்று காட்டி உங்களைத் தடுக்க வேண்டுமானால், அதைப் படித்துத் துறை தெரிந்தவர் ஒருவர் பொருளைச் செய்துவிட முடிய வேண்டும். மேலே பார்த்த மயிற்பொறி அந்தப் பரீட்சையில் தேறாது, வெல்ஸின் குண்டும் தேறாது.

வெளித்தோற்றத்துக்கான உரிமையில்தான் சிக்கல், ஏனென்றால் தோற்றத்துக்குப் படம் போதும். ஆப்பிள் தன் டேப்லெட் வடிவத்தைக் காப்பியடித்ததாக வழக்குப் போட்டபோது, சாம்சங் 2011-ல் ஒரு 1968-ஆம் வருஷப் படத்தின் காட்சியை நீட்டியது: இரண்டு விண்வெளி வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டே மேசையில் இருக்கும் தட்டையான திரையைப் பார்க்கிறார்கள். விசாரணையில் நீதிபதி அந்தச் சான்றை ஏற்கவில்லை.

பையன் ஆன்லைன்ல "பவர்ஃபுல்" லேசர் கேக்கறான், வாங்கித் தரலாமா?

வேண்டாம். என் மேசையில் ஒரு பச்சை லேசர் இருக்கிறது, தெருவோரக் கடையில் வாங்கியது. லேபிளில் 5 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது. கறுப்பு பலூன் மேல் பிடித்தால் இரண்டு வினாடியில் டப்பென்று வெடிக்கிறது. 5 மில்லிவாட்டால் அது முடியாது, லேபிள் பொய்.

இன்னொரு ஆபத்து, மலிவான பச்சை லேசர்களில் பல, அகச்சிவப்பிலிருந்து பச்சையை உண்டாக்குபவை. வடிகட்டி வைக்காமல் விட்டால் மிச்ச அகச்சிவப்பும் கூடவே வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடாது, விழித்திரைக்கு வலியும் தெரியாது. வகுப்பில் காட்டத்தான் என்றால் கிளாஸ் 2 என்று போட்ட சிவப்பு லேசரை, பில் தரும் கடையில் வாங்குங்கள். பலூனை ஊசியால் உடைத்துக்கொள்ளட்டும்.